அம்மாவை நிறுத்துப் பார்த்த ஆசனம்

வீட்டிலே ஒருவர் மெலிந்து போவதை வீட்டிலுள்ளோர் முதலிற் காண்பதில்லை. நாள்தோறும் பார்த்துப் பழகிய முகத்திலே சிறிது சிறிதாக நேரும் மாற்றம் கண்ணுக்குப் புலப்படாமற் போகின்றது. எங்கள் அம்மாவின் மெலிவை முதலிற் கண்டவன் மகனல்லன், கண்டவள் மகளுமல்லள், கண்டது ஒரு மோட்டார்க் காரின் முன் ஆசனம். இதைக் கேட்போர் சிரிக்கக்கூடும். முதலில் நானும் சிரித்தவன்தான்.

2024ஆம் ஆண்டு ஆனி மாதத்திலே, கனடாவில் ஸ்காபரோ என்னும் இடத்தில் வாழும் என் தங்கையின் வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மாவும் அங்கேதான் இருக்கிறார். வயது 78. மூட்டுவலியினால் காரின் பின்பக்கத்திற் குனிந்து ஏறுவது அவருக்குக் கடினம். ஆதலால் தங்கை காரைச் செலுத்தும்போது பக்கத்திலுள்ள முன் ஆசனம் அம்மாவுக்கே உரியதாயிற்று. அதிலே ஒரு கௌரவமும் இருந்தது. ஊரிலே கலியாண வீட்டுக்கும் கோயிற் கொடியேற்றத்துக்கும் வாடகைக் கார் பிடித்த காலத்தில், ஆண்கள் முன்னே அமர, மடியிலே ஒரு பிள்ளையும் பக்கத்திலே இரு பிள்ளைகளுமாகப் பின் ஆசனத்தில் நெருங்கியிருந்து பயணஞ் செய்தவர் அவர். முதுமையிலே முன்னுக்கு வந்ததை ஒரு பதவி உயர்வாகவே எண்ணியிருந்தார்.

அந்தப் பதவிக்கு வேறொருவனும் ஆசைப்பட்டிருந்தான். அவன் தங்கையின் மகன், 11 வயது. 12 வயதும் அதற்குட்பட்டவருமான பிள்ளைகள் பின் ஆசனத்திலேயே இருத்தல் வேண்டும் என்பது அங்கே எங்கும் சொல்லப்படும் அறிவுரை. தங்கையும் அதை இம்மியும் விட்டுக்கொடுப்பவளல்லள். முன்னே இருக்கக் கொடுத்து வையாத மருமகன், பின்னேயிருந்து முன்னே நடப்பவற்றையெல்லாம் கவனிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தான். ஒருநாள் அவன் என்னிடம் வந்து, “மாமா, நீங்கள் முன்னுக்கு இருந்தால் அந்த விளக்கு நூருது. அம்மம்மா இருந்தால் எரியுது. நான் களவாக இருந்து பார்த்தன்; எனக்கும் எரியுது. கார் அம்மம்மாவைச் சின்னப்பிள்ளை எண்டு நினைக்குது” என்றான்.

விளக்கு நூருதல் என்னும் சொல்லை அவன் அம்மம்மாவிடமிருந்தே கற்றிருந்தான். அவன் குறிப்பிட்டது, காரின் முன்பலகை நடுவிலே செம்மஞ்சள் நிறத்தில் ஒளிரும் ஒரு சிறு விளக்கை. பயணியின் பக்கத்துக் காற்றுப்பை இப்போது செயற்படாது என்பதை அது அறிவிக்கின்றது.

அம்மாவுக்கு இது பெரிய வேடிக்கையாயிருந்தது. “நான் என்ன சின்னப்பிள்ளையே, மோனை?” என்று கேட்டுவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். நாங்களும் சிரித்தோம். ஆயினும், பள்ளிக்கூடத்தில் முப்பது ஆண்டுகள் விஞ்ஞானம் படிப்பித்தவனுக்கு மருமகனின் சோதனையைச் சிரித்துத் தள்ளிவிட மனம் இடங்கொடுக்கவில்லை. காரின் கைந்நூலை எடுத்து வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கினேன்.

காற்றுப்பை என்பது என்ன என்பதை மாணவ வாசகர்களுக்காகச் சுருங்கக் கூறுகிறேன். வண்டி வேறொன்றின்மீது வேகமாக மோதும்போது வண்டி நின்றுவிடுகின்றது. உள்ளே இருப்பவரின் உடலோ முன்னைய வேகத்துடனேயே முன்னோக்கிச் செல்கின்றது. அவ்வுடலின் தலையும் மார்பும் முன்பலகையில் மோதாவண்ணம், இடையிலே ஒரு பை வாயுவால் நிரம்பி விரிகின்றது. வண்டியின் வேகம் திடீரெனக் குறைவதை, அதாவது அதன் அமர்முடுகலை, ஒரு சிறு கருவி அளந்து கட்டளையிட, பை நிரம்புகின்றது. இதற்குச் செல்லும் நேரம் ஒரு செக்கனின் 20இல் ஒரு பங்கிலும் குறைவு. நாம் கண்ணை ஒருமுறை இமைத்து முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இந்த எண்ணம் எவ்வாறு தோன்றியது என்பது ஓர் இனிய கதை. 1952ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஜோன் ஹெட்ரிக் என்பவர், மனைவியோடும் 7 வயது மகளோடும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் உலாவச் சென்றார். மகள் முன் ஆசனத்திலே பெற்றோருக்கு நடுவில் இருந்தாள். வழியிலே ஒரு பாறை எதிர்ப்பட, அவர் காரைத் திருப்பித் தடையை அழுத்தினார். கார் பள்ளத்துள் இறங்கியது. அந்தக் கணத்தில் தாயும் தந்தையும் தம்மையறியாமலே கைகளை நீட்டி, பிள்ளை முன்பலகையில் மோதாமல் தடுத்தார்கள். வீடு திரும்பிய ஹெட்ரிக்குக்கு அந்தக் கைகளின் நினைவு போகவில்லை. பெற்றோரின் கைக்குப் பதிலாக ஏதேனும் ஒன்று தானே வந்து தாங்கலாகாதா என்று சிந்தித்தார். கடற்படையிலே வேலை செய்த காலத்தில், ஒரு நீர்மூழ்கிக் குண்டிலிருந்து பீறிட்ட அமுக்கிய காற்று அதன் கன்வஸ் உறையை ஊதிப் பெருக்கி மேலே எறிந்ததை அவர் கண்டிருந்தார். இரண்டையும் சேர்த்து வரைந்த வரைபடத்துக்கு 1953ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது.

ஆகவே காற்றுப்பை என்பது ஒரு தாயின் நீட்டிய கைதான். ஆனால், தாயின் கைக்குள்ள ஓர் அறிவு அதற்கு நெடுங்காலம் இல்லாதிருந்தது. தாங்கப்படுவது குழந்தையா, பெரியவரா என்பதைத் தாயின் கை அறியும், அதற்கேற்ப மென்மையாகும். முற்காலக் காற்றுப்பை அதை அறியவில்லை. கொழுத்த ஆளைத் தடுக்கும் அதே வலுவுடன் அது குழந்தையையும் எதிர்கொண்டது. உறையைப் பிளந்துகொண்டு வெளிப்படும் பையின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 300 கிலோமீற்றர் வரை இருக்கலாம். அதற்கு மிக அண்மையிலே ஒரு சிறு பிள்ளையின் தலை இருந்தால் நேர்வதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

அமெரிக்க அரசின் வீதிப் பாதுகாப்புத் துறையின் கணக்குப்படி, 1990 முதல் 2008 வரை, குறைந்த வேகத்தில் நிகழ்ந்த மோதல்களிலே காற்றுப்பை விரிந்ததனாலேயே இறந்தோர் 290 பேருக்கு மேல். அவர்களுட் பயணிகளாக இருந்தோரிற் பெரும்பாலானோர் சிறுவரும் கைக்குழந்தைகளும் ஆவர். இறந்தோரில் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் ஆசனப்பட்டியை அணியாதவர்கள், அல்லது முறையாக அணியாதவர்கள். அதே பைகள் பல்லாயிரம் உயிர்களைக் காத்தன என்பதும் உண்மை. ஆனால், பிள்ளையைக் காக்க நீண்ட கையே பிள்ளையை அடித்தது என்றால் எந்தப் பெற்றோருக்குத்தான் மனம் ஆறும்?

இதற்குப் பரிகாரமாக 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்கா ஒரு புதிய விதியை வெளியிட்டது. பயணியின் பக்கத்துப் பை சிறு பிள்ளை இருக்கும்போது விரியாதிருத்தல் வேண்டும். அல்லது தீங்கு செய்யாதவாறு மெதுவாக விரிதல் வேண்டும். 2003 முதல் 2006 வரை படிப்படியாக இது நடைமுறைக்கு வந்தது. ஒரு வயது, மூன்று வயது, ஆறு வயதுப் பிள்ளைகளைப் போன்ற பாவைகளை ஆசனத்தில் இருத்தி இதைச் சோதிக்கிறார்கள். ஆறு வயதுப் பாவையின் நிறை ஏறக்குறைய 23 கிலோ. அதன் பின்னர், ஏறக்குறைய 49 கிலோ நிறையுள்ள சிறிய உடலமைப்புடைய ஒரு பெண்ணின் பாவையை இருத்துவார்கள். அப்போது பை செயற்படத் தயாராதல் வேண்டும். பிள்ளைக்கும் பெரியவருக்கும் இடையேயுள்ள எல்லையை, இந்த இரண்டு எண்களுக்கும் நடுவிலே எங்கோ ஓரிடத்தில் ஆசனம் வகுத்துக்கொள்ளுகின்றது.

ஆசனம் எவ்வாறு நிறையை அறிகின்றது? கடைக்காரனின் தராசு அறிவதைப் போலத்தான். சில கார்களில், மெத்தைக்கு அடியிலே கெட்டியான திரவம் நிரப்பிய தட்டையான ஒரு பை இருக்கும். ஒருவர் அமர்ந்ததும் திரவத்தின் அமுக்கம் கூடுகின்றது. அதை ஓர் உணரி அளக்கின்றது. வேறு சிலவற்றில், ஆசன உறைக்குக் கீழே மெல்லிய பாய் போன்ற ஒரு தாள் விரிக்கப்பட்டிருக்கும்; அதிலே பல புள்ளிகளில் உணரிகள் பதிந்திருந்து, எங்கே எவ்வளவு அழுத்தம் என்று ஒரு கோலமே வரைந்து காட்டிவிடும். இன்னும் சிலவற்றில், ஆசனத்தின் கால்கள் தரையோடு பொருந்தும் மூலைகளிலே உலோகத் துண்டுகள் உள்ளன. பாரத்தினால் அவை கண்ணுக்குத் தெரியாத அளவிற்கு வளைவதைக்கொண்டு நிறை கணிக்கப்படுகின்றது. குழந்தை ஆசனமொன்றை ஆசனப்பட்டியால் இறுகக் கட்டினால், அந்த இறுக்கமே மெத்தையை அமுக்கிப் பெரியவர் இருப்பதுபோல் ஏமாற்றக்கூடும். அதனால் சில வண்டிகளில் பட்டியின் இழுவையையும் அளந்து கழித்துக்கொள்ளுகிறார்கள். எல்லாச் செய்திகளும் ஒரு சிறு கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் செல்ல, அது முன்கூட்டியே தீர்ப்பு எழுதி வைத்துவிடுகின்றது. அத்தீர்ப்பை நமக்கு அறிவிப்பதே அந்தச் செம்மஞ்சள் விளக்கு.

இவ்வளவையும் அறிந்தபின், அம்மாவின் விஷயத்தில் ஆசனத்தின்மேலேயே எனக்கு ஐயம் பிறந்தது. தங்கை ஒன்றை நினைவுபடுத்தினாள்: இரண்டு ஆண்டுகளுக்கு முன் கார் வாங்கிய புதிதில், அம்மா இருக்கும்போது இந்த விளக்கு எரிந்ததில்லை.

கைந்நூல் சொன்ன காரணங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தோம். அம்மா உயரத்துக்காக ஒரு தடித்த மெத்தையைப் போட்டு அதன்மேல் இருந்தார். அது பாரத்தைப் பரப்பி ஆசனத்தைக் குழப்பக்கூடும். மெத்தையை எடுத்தோம், விளக்கு எரிந்தது. அவர் கதவுப் பக்கம் சாய்ந்து, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இருப்பது வழக்கம். சாய்ந்தால் பாரத்தின் ஒரு பங்கு கதவுக்குப் போய்விடும். நிமிர்ந்து நடுவிலே இருக்கச் செய்தோம், அப்போதும் எரிந்தது. ஆசனத்தின் கீழே பொருள்களைத் திணித்து வைத்தால், அவை மெத்தையை மேல்நோக்கித் தள்ளும். கீழே கிடந்த குடையையும் மருமகனின் பந்தையும் அகற்றினோம், எரிந்துகொண்டேயிருந்தது. கடைசியாகக் காரைக் கராஜுக்குக் கொண்டு சென்றோம்.

அங்கே ஓர் இளைஞன் தன் கருவியைக் காரோடு இணைத்துப் பார்த்தான். தெரிந்த நிறைகளை ஆசனத்தின்மேல் வைத்தும் சோதித்தான். பின்பு கையைத் துடைத்துக்கொண்டு, “ஆசனத்திலே குறையொன்றுமில்லை, சரியாகத்தான் நிறுக்கின்றது. உங்கள் தாயாரின் நிறை என்ன?” என்று பணிவோடு கேட்டான்.

தங்கையும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எங்களிருவருக்கும் அது தெரியவில்லை.

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது போல் வேறெதுவும் என்னைச் சுட்டதில்லை. தங்கையின் மகன் பிறந்தபோது எத்தனை இறாத்தல் என்று எனக்குத் தெரியும். தோட்டத்து வாழைக்குலை எத்தனை கிலோ நிறுத்தது என்று நினைவில் இருக்கின்றது. எங்களைப் பெற்றவளின் நிறை தெரியவில்லை. “முன்பு 51 என்று வைத்தியரிடம் எழுதினார்கள்” என்று தங்கை மெதுவாகச் சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் அம்மாவை நிறைபார்க்கும் பொறியில் ஏற்றினோம். முள் 39இல் நின்றது.

12 கிலோ! கம்பளிச் சட்டைக்கு மேலே கம்பளிச் சட்டை போடும் நாட்டில் அது எங்கள் கண்ணுக்குத் தப்பிவிட்டது. நான் வந்திறங்கியபோது, அம்மா கொஞ்சம் வாடியிருக்கிறார் என்று எண்ணியது உண்மை. வயதுதானே என்று ஆறுதலும் கொண்டேன். கை நடுங்கியதற்கும் வயது. நெஞ்சு படபடத்ததற்கும் வயது. இரவிலே உறக்கம் வராததற்கும் வயது. எல்லாக் குற்றத்தையும் வயதின்மேற் சுமத்திவிட்டு நாங்கள் நிம்மதியாக இருந்திருக்கிறோம். அம்மாவோ, எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியாகச் சாப்பிடுபவர். யாருக்கும் எதையும் சொல்லி அறியாதவர்.

மறுவாரமே வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம். இரத்தத்தைச் சோதித்தார்கள். கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி அளவுக்கு மிஞ்சிச் சுரக்கின்றது என்று தெரியவந்தது. உண்ட உணவெல்லாம் எண்ணெய் மிகுந்த திரிபோல் வேகமாக எரிந்து, உடல் கரைந்துகொண்டிருந்தது. முதியோரிடம் இந்நோய் பெரும்பாலும் வெளிப்படையாகத் தோன்றாது, மெலிவாகவும் சோர்வாகவும் நெஞ்சுப் படபடப்பாகவும் மறைந்திருக்கும் என்றும், கவனியாது விட்டால் இருதயத்துக்கே ஆபத்து என்றும் வைத்தியர் விளக்கினார். மாத்திரைகள் தொடங்கப்பட்டன.

அதுவரை அம்மா எங்கே இருப்பது? கைந்நூல் இதற்கும் விடை வைத்திருந்தது: பெரியவர் ஒருவர் முறையாக அமர்ந்தும் விளக்கு எரியுமானால், அவரைப் பின் ஆசனத்தில் இருத்துக. ஆகவே அம்மாவின் பதவி பறிபோயிற்று. ஏறுவதற்கு ஒரு சிறு படி செய்து வைத்தோம். பின்னே போன அம்மாவுக்குச் சிறிது மனக்குறைதான். ஆனால் பேரனுக்கோ பெருமகிழ்ச்சி. அம்மம்மாவும் பேரனும் இருபுறமும் பட்டியணிந்து, சின்னப்பிள்ளைகள் இருவரைப்போல் பின்னேயிருந்து வழியெல்லாம் கதைத்துக்கொண்டு வந்தார்கள்.

நான் ஊர் திரும்பியபின், வீதியிலே காணும் காட்சிகள் முன்போல் என் கண்ணைக் கடந்து போகவில்லை. முன் ஆசனத்திலே தந்தையின் மடியில் பிள்ளை இருக்கும். அல்லது முன்பலகையைப் பிடித்தபடி நிற்கும். அன்பினாற் செய்வதுதான். ஆனால் நிறையை மட்டும் அறியும் ஆசனத்துக்கு இது எவ்வாறு தோன்றும் என்று எண்ணிப் பாருங்கள். தந்தையும் பிள்ளையும் சேர்ந்து ஒரே பாரம். அதாவது ஒரு பருத்த ஆள். பையை உடனே தயாராக்கி வைத்துவிடும். மோதினால், அந்தப் பைக்கும் தந்தைக்கும் இடையிலே இருப்பது பிள்ளையல்லவா?

மேலும், நம் நாட்டில் ஓடும் கார்கள் எல்லாவற்றிலும் இத்தகைய ஆசனம் உண்டென்று நம்பிவிடலாகாது. அமர்ந்தவர் பட்டி அணியாவிட்டால் மணியடிப்பதற்காக மட்டும் உணரி வைத்த கார்கள் உண்டு. அவை பையை நிறுத்துவதில்லை. மளிகைச் சாமான் பையை ஆசனத்தில் வைத்தாலும் அந்த மணி அடிக்கும். காரை வைத்திருப்போர் அதன் கைந்நூலையும், வெயில் மறைக்கும் பலகையில் ஒட்டியுள்ள எச்சரிக்கைப் படத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நன்று. பின்புறம் நோக்கி வைக்கும் கைக்குழந்தை ஆசனத்தை, செயற்படும் காற்றுப்பைக்கு முன்னால் ஒருபோதும் வைத்தலாகாது. பெரியவர்களும் ஆசனத்தை இயன்றவரை பின்னுக்குத் தள்ளி நிமிர்ந்திருத்தல் வேண்டும்; முன்பலகையின்மேற் கால் நீட்டுதல் கூடாது. முன் ஆசனத்தவர் பட்டி அணிவது நம் நாட்டில் 2011 முதல் சட்டமாகியுள்ளது. பட்டி இல்லாதவரைக் காற்றுப்பை சரியாகத் தாங்காது என்பதை அறிந்தால், பொலிசாருக்குப் பயந்து அணிய வேண்டிய தேவை இராது.

பொறிக்குத் தெரிந்தது ஒன்றேயொன்று. எங்கள் அம்மா யார், அவர் எத்தனை பேரைத் தூக்கி வளர்த்தார், எத்தனை இடப்பெயர்வுகளில் எங்களைச் சுமந்து நடந்தார் என்பதையெல்லாம் அந்த ஆசனம் அறியாது. அது அறிந்தது அவருடைய பாரத்தை மட்டும். ஆனால், அறிந்த அந்த ஒன்றை அது ஒவ்வொரு நாளும் பார்த்தது. பார்த்ததை மறைக்காமற் சொன்னது. அம்மாவைப் பற்றி எல்லாம் அறிந்த நாங்களோ, அந்த ஒன்றைப் பார்க்கத் தவறிவிட்டோம். வீட்டில் முதியோர் உள்ளவர்கள் மாதத்துக்கு ஒருமுறையாவது அவர்களின் நிறையைப் பார்த்து ஒரு கொப்பியிலே குறித்து வைப்பார்களாயின், இந்தக் கட்டுரை எழுதியதன் பயன் கிட்டிவிடும்.

2025ஆம் ஆண்டு சித்திரை வருஷப்பிறப்பன்று ஸ்காபரோவிலிருந்து தொலைபேசி வந்தது. மருமகன்தான் முதலிற் பேசினான். கோயிலுக்குப் போகும் வழியில் அம்மம்மாவை முன் ஆசனத்தில் இருத்திப் பார்த்தார்களாம். நிறை இப்போது 49 கிலோவாம். “மாமா, அம்மம்மாவின்ரை விளக்கு நூர்ந்திட்டுது!” என்று துள்ளிக் குதித்துக் கத்தினான்.

பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது: “நல்ல நாளும் அதுவுமாய் விளக்கு நூர்ந்திட்டுது எண்டு சொல்லாதை, மோனை!”

விளக்கொன்று அணைந்த செய்தியைக் கேட்டு ஒரு வீடு மகிழ்ந்தது அன்றைக்குத்தான்.